வெள்ளைக்கல் போக மிஞ்சிய பாறை: சுரங்கக் கழிவு தீச்செங்கல்லாக மாறும் விதம்

சேலம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ‘மேக்னசைட் ஜங்ஷன்’ என்று ஒரு நிலையம் இருக்கிறது. சேர்வராயன் மலையடிவாரத்துக் கரடுகளில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வெட்டியெடுக்கப்பட்டு வந்த கனிமத்தின் பெயரே நிலையத்துக்கும் வந்துவிட்டது. அந்தப் பக்கத்து மக்கள் மேக்னசைட்டை வெள்ளைக்கல் என்பார்கள். தனியார் குவாரிகளும், 1979-ல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் மேக்னசைட் நிறுவனமும் இந்தக் கல்லை நம்பி வளர்ந்தவை.

வெள்ளைக்கல் தனிப் பாறையாகக் கிடைப்பதில்லை. பழுப்பும் பச்சையுமான வேறொரு பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடுகிறது. சில நரம்புகள் விரல் பருமன், சில கை அகலம், சில அதைவிடப் பெரியவை. ஒரு டன் வெள்ளைக்கல் வேண்டுமென்றால் பல டன் பாறையைப் பெயர்த்துப் புரட்ட வேண்டும். வெள்ளை போக மிஞ்சும் பாறை சுரங்கத்தின் ஓரத்தில் கொட்டப்படுகிறது. காலப்போக்கில் அந்தக் குவியல்களே சிறு குன்றுகளாகிவிடுகின்றன. கோடையில் அவற்றிலிருந்து தூசி கிளம்பும். அடைமழையில் சரிந்து வரும் மண் பக்கத்து ஓடைகளை மூடும். வெட்டியெடுத்த வெள்ளைக்கல்லிலும் ஒரு பகுதி ‘சிலிகா (மணலில் நிறைந்திருக்கும் சிலிக்கான் ஆக்சைடு) அதிகம்’ என்று ஒதுக்கப்பட்டு அதே குவியலுக்குப் போய்விடும்.

பாறை, ஒதுக்கிய வெள்ளைக்கல் என்ற இந்த இரண்டு கழிவுகளையும் சரியான அளவில் சேர்த்துச் சுட்டால் உருக்காலைச் சூட்டையும் தாங்கும் செராமிக் கிடைக்கும். ஒன்றில் எது குறை என்று ஒதுக்கினோமோ, மற்றொன்றுக்கு அதுதான் தேவைப்படுகிறது. அது எப்படி என்பதைப் பள்ளிக்கூட வேதியியலை மட்டும் வைத்துக்கொண்டு புரிந்துகொள்ளலாம்.

வெப்பம் தாங்குவது என்றால்

இரும்பு 1,538 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. உருக்காலையில் எஃகைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றும் பெரிய வாளிகளும் இரும்பால் ஆனவைதான். வாளி ஏன் உருகுவதில்லை? அதன் உட்புறம் முழுவதும் செங்கல் பதிக்கப்பட்டிருக்கிறது. தீச்செங்கல் என்று நாம் பொதுவாகச் சொல்லும் இந்த வகைப் பொருள் இல்லாமல் எஃகு, சிமெண்ட், கண்ணாடி, செம்பு, அலுமினியம் எதுவும் உருவாக முடியாது. உலகில் தயாராகும் தீச்செங்கல்லில் பாதிக்கும் மேல் எஃகுத் தொழிலுக்கே போகிறது. அது தேய்ந்துகொண்டே இருக்கும் பொருள் என்பதால் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும்.

1,500 டிகிரிக்குக் கீழே தளர்ந்து வளையாத, உலோகமல்லாத பொருளையே இந்தத் தொழிலில் வெப்பம் தாங்கும் பொருள் என்று ஏற்கிறார்கள். வீடு கட்டும் சாதாரணச் செங்கல் அதற்கு வெகு முன்பே இளகிவிடும். அதன் களிமண்ணில் இருக்கும் சோடியம், பொட்டாசியம், இரும்பு, சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்து அதைக் கண்ணாடிபோல் உருக்கிவிடும்.

இங்கே ஒரு விதியை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இந்தத் துறையின் பாதி அதற்குள் அடங்கிவிடுகிறது. இரண்டு பொருள்கள் தனித்தனியே மிக உயர்ந்த சூட்டில்தான் உருகும் என்றாலும், அவை கலந்திருக்கும்போது அதைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகத் தொடங்கலாம். ஆகவே ஒரு கழிவுப் பாறையில் என்னென்ன இருக்கின்றன என்பது மட்டும் போதாது. அவை எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதுதான் முடிவைச் சொல்லும். விகிதம் கொஞ்சம் தவறினால் 300 டிகிரி பறிபோகும். கொஞ்சம் திருத்தினால் அந்த 300 டிகிரி திரும்பக் கிடைக்கும்.

வெள்ளைக்கல் பிறந்த கதை

சேலத்துக் கரடுகளின் தாய்ப்பாறை டியூனைட். அதில் பெரும்பகுதி ஆலிவின் என்னும் கனிமம். மேக்னீசியம், சிலிக்கான், ஆக்சிஜன், கொஞ்சம் இரும்பு ஆகியவை சேர்ந்தது ஆலிவின். நாம் நிற்கும் நிலத்துக்குக் கீழே முப்பது நாற்பது கிலோமீட்டர் ஆழத்தில், மேலோட்டுக்கு அடியில் தொடங்கும் மூடகத்தின் மேற்பகுதி பெரும்பாலும் இந்தக் கனிமத்தால் ஆனது. அந்த ஆழத்தைச் சேர்ந்த பாறை வகை ஒன்று நிலத்தின் மேல் முகம் காட்டும் அரிய இடங்களில் சேலம் ஒன்று.

ஆழத்தில் பிறந்த கனிமத்துக்கு நீரும் காற்றும் நிறைந்த மேற்பரப்பு ஒத்துவராது. கரியமில வாயு கரைந்த நீர் விரிசல்களின் வழியே இறங்கும்போது ஆலிவின் சிதைகிறது. அதிலிருக்கும் மேக்னீசியம் கரியமில வாயுவோடு சேர்ந்து மேக்னீசியம் கார்பனேட் ஆகிறது. அதுதான் வெள்ளைக்கல். அப்போது சிலிகா தனியே விடுபட்டு, அதே விரிசல்களிலேயே கல்லாகப் படிகிறது. வெள்ளைக்கல்லில் சிலிகா கலந்திருப்பது சுரங்கத்தாரின் கவனக்குறைவால் அல்ல. இரண்டும் ஒரே வினையில், ஒரே விரிசலில் பிறந்தவை. துருக்கியிலும் கிரேக்கத்திலும் இதே வகையான வெள்ளைக்கல் இதே வகைப் பாறைகளில்தான் கிடைக்கிறது.

வேறோர் இடத்தில் நீர் மட்டும் ஆலிவினோடு வினைபுரிந்திருக்கும். அங்கே அது சர்ப்பென்டைன் என்னும் பச்சைக் கனிமமாக மாறுகிறது. தொட்டால் வழவழப்பாக இருக்கும். தன் எடையில் 13 சதவீதம் நீரைத் தன் படிக அமைப்புக்குள் பூட்டி வைத்திருக்கும். எனவே சுரங்கத்து ஓரக் குவியலில் மூன்று பொருள்கள் இருக்கின்றன: மாறாத டியூனைட், சர்ப்பென்டைனாக மாறிய பாறை, சிலிகா கலந்த தரம் குறைந்த வெள்ளைக்கல்.

நல்ல வெள்ளைக்கல்லை என்ன செய்கிறார்கள்? சூளையில் சுட்டுக் கரியமில வாயுவை வெளியேற்றினால் மேக்னீசியா, அதாவது மேக்னீசியம் ஆக்சைடு, கிடைக்கிறது. அதன் உருகுநிலை 2,800 டிகிரிக்கும் மேல். மிக உயர்ந்த சூட்டில் நன்றாகச் சுட்டு இறுக்கிய மேக்னீசியாவைக் கொண்டு எஃகு உலைகளுக்கான செங்கல் செய்கிறார்கள். அந்தச் செங்கல்லுக்குச் சிலிகா எதிரி. சில சதவீதம் கூடினாலும் தரம் இறங்கும். ஒதுக்கப்படும் கல் பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான் ஒதுக்கப்படுகிறது.

எதிரியே உறவாகும் இடம்

ஆலிவினில் இரும்பை நீக்கிவிட்டு மேக்னீசியம் மட்டும் இருக்கும் வடிவத்தை ஃபோர்ஸ்டரைட் என்கிறார்கள். எடைக் கணக்கில் அது 57 சதவீதம் மேக்னீசியா, 43 சதவீதம் சிலிகா. அதன் உருகுநிலை 1,890 டிகிரி. மேக்னீசியா அளவுக்கு இல்லை என்றாலும், 1,500 என்ற எல்லையைத் தாராளமாகத் தாண்டிவிடுகிறது. இந்தக் கனிமத்துக்குச் சிலிகா அங்கமே. ஆகவே சிலிகா கலந்த வெள்ளைக்கல் என்ற குற்றச்சாட்டு ஃபோர்ஸ்டரைட் செய்ய வந்தவரிடம் எடுபடாது.

சர்ப்பென்டைன் பாறையை அப்படியே சுட்டால் என்ன ஆகும்? 600 முதல் 700 டிகிரிக்குள் பூட்டியிருந்த நீர் வெளியேறிவிடும். மேலும் சூடேறும்போது மிச்சமிருப்பது இரண்டாகப் பிரியும்: பாதிக்கும் சற்று மேல் ஃபோர்ஸ்டரைட், மற்றது என்ஸ்டடைட். என்ஸ்டடைட்டிலும் மேக்னீசியாவும் சிலிகாவும்தான் இருக்கின்றன. ஆனால் மேக்னீசியாவின் பங்கு குறைவு. இதுதான் கண்ணி. 1,557 டிகிரியில் என்ஸ்டடைட் சிதைந்து, அதிலிருந்து திரவம் கசியத் தொடங்கும். சூளைக்குள் சுமை தாங்கி நிற்கும் செங்கல்லில் திரவம் கசிந்தால் அது மெல்ல நசுங்கத் தொடங்கிவிடும்.

இப்போது அதில் மேக்னீசியாவைச் சேர்ப்போம். எடையில் அல்லாமல் மூலக்கூறு எண்ணிக்கையில், ஒரு பங்கு என்ஸ்டடைட்டும் ஒரு பங்கு மேக்னீசியாவும் சேர்ந்தால் ஒரு பங்கு ஃபோர்ஸ்டரைட் ஆகிவிடும், மிச்சம் எதுவும் இருக்காது. சேர்க்கும் மேக்னீசியா சிறிது குறைந்தால் கொஞ்சம் என்ஸ்டடைட் எஞ்சும். முதல் சொட்டுத் திரவம் 1,557-லேயே தோன்றிவிடும். சிறிது கூடினால், தூய கலவையில் முதல் திரவம் சுமார் 1,850 டிகிரியில்தான் தோன்றும். எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம் நிற்பதா அந்தப் பக்கம் நிற்பதா என்பதில் ஏறத்தாழ 300 டிகிரி வித்தியாசம். அனுபவமுள்ளவர்கள் கணக்குக்குச் சற்று அதிகமாகவே மேக்னீசியா சேர்ப்பதற்கு இதுதான் காரணம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை இது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 100 கிலோ சர்ப்பென்டைனை எடுத்துக்கொள்வோம். சுட்டால் 13 கிலோ நீராகப் போய்விடும். மிஞ்சும் 87 கிலோவில் ஏறக்குறைய 51 கிலோ ஃபோர்ஸ்டரைட், 36 கிலோ என்ஸ்டடைட். அந்த என்ஸ்டடைட் முழுவதையும் மாற்ற 14.5 கிலோ மேக்னீசியா வேண்டும். இறுதியில் கிடைப்பது 101 கிலோவுக்குச் சற்று அதிகமான ஃபோர்ஸ்டரைட்.

அந்த 14.5 கிலோ மேக்னீசியாவைத் தூய வெள்ளைக்கல்லிலிருந்து எடுத்தால், 100 கிலோ கல்லுக்கு 48 கிலோ மேக்னீசியா என்ற கணக்கில் 30 கிலோ கல் போதும். நல்ல கல்லை இதற்கு ஏன் செலவழிக்க வேண்டும்? 10 சதவீதம் சிலிகா இருப்பதால் ஒதுக்கப்பட்ட கல் என்று வைத்துக்கொள்வோம். அதில் 100 கிலோவைச் சுட்டால் 43 கிலோ மேக்னீசியா கிடைக்கும். கூடவே இருக்கும் 10 கிலோ சிலிகா அதில் 13 கிலோவைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு தானும் ஃபோர்ஸ்டரைட் ஆகிவிடும். அப்படியும் 30 கிலோ மேக்னீசியா மிச்சமிருக்கும். ஆக, ஒதுக்கப்பட்ட கல்லில் 50 கிலோ சேர்த்தால் 100 கிலோ சர்ப்பென்டைனைச் சரிசெய்துவிடலாம். நல்ல கல் ஒரு துண்டுகூடத் தேவைப்படவில்லை. இயற்கையான கல் இவ்வளவு துல்லியமாக நடந்துகொள்ளாது. ஆனால் குவியலில் எதை எதோடு சேர்ப்பது என்று முடிவெடுக்க இந்தக் கணக்கு வழி காட்டும்.

இந்த எண்ணத்துக்கு நூறாண்டு வயது. முதல் உலகப் போரின்போது நார்வேக்கு வெளிநாட்டு மூலப்பொருள்கள் வருவது தடைப்பட்டது. உள்நாட்டிலேயே மாற்று தேடுவதற்காக 1917-ல் அந்த நாட்டில் ஒரு மூலப்பொருள் ஆய்வகம் அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்றவர் விக்டர் கோல்ட்ஷ்மிட். புவிவேதியியலுக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவர். மேற்கு நார்வேயின் கடலோரத்தில் மலைமலையாகக் கிடந்த ஆலிவின் பாறையை அதுவரை பெரிதாக யாரும் பொருட்படுத்தியதில்லை. அதில் மேக்னீசியா சேர்த்துச் சுட்டால் வெப்பம் தாங்கும் செங்கல் ஆகும் என்பதை 1920-களில் அவர் வேதியியல் கணக்கோடு நிறுவிக் காப்புரிமைகளும் பெற்றார். பிற்காலத்தில் அந்தப் பாறையே நார்வேயின் ஏற்றுமதிப் பொருள்களில் ஒன்றானது.

பாறைக்குள் ஒளிந்திருக்கும் இடைஞ்சல்கள்

கோல்ட்ஷ்மிட் விடுவித்த இன்னொரு சிக்கல் இரும்பு. ஆலிவினில் மேக்னீசியம் இருக்க வேண்டிய இடங்களில் சிலவற்றில் இரும்பு உட்கார்ந்திருக்கும். இரும்பு மட்டுமே உள்ள ஆலிவின் சுமார் 1,205 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே இரும்பு கூடக்கூடப் பாறையின் தாங்குதிறன் சரியும். காற்றோட்டமுள்ள சூளையில் சுடும்போது இந்த இரும்பு ஆலிவினை விட்டு வெளியேறி ஆக்சைடாகிறது. பக்கத்தில் உபரி மேக்னீசியா இருந்தால் அதனோடு கூடி, எளிதில் உருகாத வேறொரு சேர்மமாகிவிடுகிறது. மேக்னீசியாவைச் சற்று அதிகமாகச் சேர்ப்பதால் கிடைக்கும் இரண்டாவது பலன் இது.

சுண்ணாம்பு அப்படி வழிக்கு வராது. கால்சியம் ஆக்சைடு ஃபோர்ஸ்டரைட்டோடு சேர்ந்தால் 1,500 டிகிரியை ஒட்டியே திரவம் விடும் கனிமம் உருவாகிறது. சில சதவீதம் சுண்ணாம்பு போதும், மற்ற உழைப்பு எல்லாம் வீணாக. ஒரு குவியல் செங்கல்லுக்கு ஏற்றதா என்று கேட்டால் நான் முதலில் பார்க்கச் சொல்வது சுண்ணாம்பின் அளவைத்தான். களிமண்ணோடு வரும் அலுமினாவும் (அலுமினியம் ஆக்சைடு), சோடியம் பொட்டாசியம் உப்புகளும் அடுத்த எதிரிகள். மழையில் மேல்மண் கலந்துபோன குவியலைவிட, தனியே கொட்டி வைத்த குவியலுக்கு மதிப்பு அதிகம் என்பதற்கும் இதுதான் காரணம். சுரங்கத்தில் பாறையைக் கொட்டும்போதே வகை பிரித்துக் கொட்டினால் பிற்காலத்துச் செலவு பெருமளவு குறையும். கலந்துவிட்ட பிறகு பிரிப்பது மிகக் கடினம்.

குவியலிலிருந்து செங்கல் வரை

முதல் வேலை பாறையைச் சோதிப்பது. பொடித்த மாதிரியை உலர்த்தி எடைபோட்டு, 1,000 டிகிரி வரை சூடாக்கி, ஆறவைத்து மறுபடி எடை போடுகிறார்கள். குறைந்த எடை என்பது வெளியேறிய நீரும் கரியமில வாயுவும். எடை கொஞ்சமே குறைந்தால் அது பெரும்பாலும் மாறாத டியூனைட். 13 சதவீதத்தை நெருங்கினால் பெரும்பகுதி சர்ப்பென்டைன். இந்த எளிய சோதனையே பாதிக் கதையைச் சொல்லிவிடும். மீதியை வேதிப் பகுப்பாய்வும் ஊடுகதிர்ச் சோதனையும் சொல்லும்.

சர்ப்பென்டைன் அதிகமுள்ள பாறையைப் பச்சையாகவே செங்கல்லாக அழுத்திச் சுடக் கூடாது. நீர் வெளியேறும்போது அது சுருங்கி வெடித்துவிடும். முன்கூட்டியே ஒருமுறை சூளையில் சுட்டு, சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கவிட்டுப் பிறகு உடைத்து அரைக்கிறார்கள். மாறாத டியூனைட் கிடைத்தால் இந்தச் செலவு பெரிதும் மிச்சம்.

அரைத்ததைப் பரும்படி, நடுத்தரம், மாவு என்று சலித்துப் பிரிக்கிறார்கள். கான்கிரீட்டில் ஜல்லியின் இடைவெளியை மணலும், மணலின் இடைவெளியைச் சிமெண்டும் நிரப்புவதுபோல, பெரிய துகள்களுக்கு இடையிலான வெற்றிடத்தைச் சிறிய துகள்கள் அடைக்க வேண்டும். மேக்னீசியாவை எப்போதும் மாவாகவே சேர்க்கிறார்கள். அது எவ்வளவு நுண்ணியதாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக என்ஸ்டடைட்டோடு வினைபுரியும். சுடும்போது எதுவும் முழுதாக உருகுவதில்லை. திட நிலையிலேயே ஒரு துகளிலிருந்து அடுத்த துகளுக்கு அணுக்கள் மெல்ல இடம்பெயர்கின்றன. தொட்டுக்கொண்டிருக்கும் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. பருமனான துகள் என்றால் இந்தப் பயணம் நடுவழியில் நின்றுவிடும். செங்கல்லின் நடுவில் என்ஸ்டடைட் தங்கிவிடும்.

பிறகு சிறிது பிணைப்பான் சேர்த்து, அதிக அழுத்தத்தில் அச்சில் அழுத்தி, உலர்த்தி, 1,500 முதல் 1,600 டிகிரி வரை சூளையில் சுடுகிறார்கள். சூட்டை ஏற்றுவதும் இறக்குவதும் நிதானமாக நடக்க வேண்டும்.

வந்த செங்கல்லைச் சோதிக்கும் முறைகளில் ஒன்று அழகானது. ஜெர்மனியின் ஹெர்மன் சேகர் 1886-ல் புகுத்தியது. சோதிக்க வேண்டிய பொருளைப் பொடித்து விரல் நீளத்தில் ஒரு சிறு கூம்பாகப் பிடிக்கிறார்கள். எந்தச் சூட்டில் வளையும் என்று முன்பே தெரிந்த வேறு கூம்புகளோடு அதை வரிசையாக நிறுத்திச் சூடேற்றுகிறார்கள். அதன் நுனி வளைந்து தரையைத் தொடும்போது, கூடவே தலைவணங்கும் கூம்பு எதுவோ அதுவே அதன் தாங்குதிறன் அளவு. ஆனால் சுமையில்லாமல் நிற்கும் கூம்பின் கணக்கு வேறு, மேலே பல டன் அழுத்தும் செங்கல்லின் கணக்கு வேறு. சுமை ஏற்றிச் சூடாக்கும் சோதனையில்தான் செங்கல்லின் உண்மையான தரம் தெரியும். ‘கழிவிலிருந்து 1,800 டிகிரி தாங்கும் செங்கல்’ என்று செய்தி வந்தால், அந்த எண் கூம்புச் சோதனையில் கிடைத்ததா, சுமைச் சோதனையில் கிடைத்ததா என்று தேடிப் பார்ப்பது நல்லது.

எங்கே பயன்படும், எங்கே தோற்கும்

ஃபோர்ஸ்டரைட் செங்கல்லுக்குச் சில தனி நற்குணங்கள் உண்டு. மேக்னீசியா ஈரக்காற்றில் நீரை உறிஞ்சிச் சிதையும். ஃபோர்ஸ்டரைட் அப்படிச் சிதைவதில்லை. மேக்னீசியாவைவிடக் குறைவாகவே வெப்பத்தைக் கடத்துவதால், உலைச் சுவரின் பின்வரிசையில் வைத்தால் வெப்பம் வெளியே கசிவது குறையும். கண்ணாடி உலைகளில் வெளியேறும் புகையின் வெப்பத்தைச் சேமித்துத் திருப்பித் தரும் அறைகளில் இந்த வகைச் செங்கல் அடுக்கப்படுகிறது. உருகிய எஃகு வார்ப்புக்குப் போகும் வழியில் தங்கும் தொட்டிகளின் உட்பூச்சுக்கும் ஆலிவின் கலந்த கலவை பயன்படுகிறது. குளிர்நாடுகளில் இரவு மின்சாரத்தில் சூடேற்றி, பகலில் மெல்ல வெப்பம் தரும் வீட்டு அடுப்புகளுக்குள்ளும் ஆலிவின் கட்டிகள் இருந்திருக்கின்றன.

இதன் பலவீனங்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சூடேறும்போது இது நிறைய விரிவடையும். திடீரென்று சூடாக்கிக் குளிர்வித்தால் விரிசல் விடும். உருகிய எஃகின் மேல் மிதக்கும் சுண்ணாம்பு மிகுந்த கசடு நேரடியாகப் படும் இடத்தில் வைத்தால், முன்பு சொன்ன அதே சுண்ணாம்பு வினை நடந்து அரிக்கப்பட்டுவிடும். அங்கே மேக்னீசியாவுக்கு மாற்று இல்லை. கழிவில் செய்தது என்பதற்காக ஒரு செங்கல்லைப் பொருந்தாத இடத்தில் வைத்து, அது பாதி நாளில் தேய்ந்து உலையையே நிறுத்த நேர்ந்தால், மிச்சப்படுத்தியதைப்போலப் பல மடங்கு செலவாகிவிடும்.

நிலக்கரிச் சுரங்கங்களிலும் இதே தர்க்கம் வேறு கனிமத்தோடு நடக்கிறது. நிலக்கரியோடு வெளிவரும் களிக்கல்லில் கயோலின் என்னும் வெண்களிமண் மிகுதி. அதைச் சுட்டால் 1,000 டிகிரிக்கு மேல் முல்லைட் என்னும் ஊசி வடிவப் படிகங்கள் வளர்கின்றன. அதுவும் 1,800 டிகிரிக்கு மேல் தாங்கும் பொருள். கூடவே சிலிகா உபரியாக விடுபடும். அங்கே மேக்னீசியாவுக்குப் பதில் அலுமினாவைச் சேர்த்து அந்த உபரியையும் முல்லைட்டாக மாற்றுகிறார்கள். களிக்கல்லில் ஒட்டியிருக்கும் கரி சூளையில் தானே எரிந்து, கொஞ்சம் எரிபொருளும் மிச்சம், செங்கல்லுக்குள் காற்றுத் துளைகளும் இலவசம். இத்தகைய களிக்கல் மலைபோல் குவிந்திருக்கும் சீனாவில் இந்த ஆராய்ச்சி மிகுதியாக நடக்கிறது.

குவியல் குறையுமா, புகை குறையுமா

எடைக் கணக்கில் பார்த்தால், செங்கல் மட்டும் செய்து சேலத்துக் குவியல்களைத் தீர்த்துவிட முடியாது. தீச்செங்கல் டன் கணக்கில் விற்கும் பொருள்தான். ஆனால் சுரங்கம் புரட்டும் பாறையின் அளவு அதைவிட வெகு பெரியது. டியூனைட்டை உருக்காலையின் ஊதுலையில் கசடைச் சீராக்கும் சேர்மானமாகப் பயன்படுத்துவது அதைவிட அதிகப் பாறையை விழுங்கும். வார்ப்படத் தொழிலில் அச்சு மணலாகவும் ஆலிவின் போகிறது. மிஞ்சுவதைப் பழைய குழிகளில் திரும்ப நிரப்பி மரம் வைப்பது தவிர்க்க முடியாத வேலை. இவற்றுள் செங்கல்லுக்கு அளவில் சிறிய இடம், மதிப்பில் பெரிய இடம் என்று நான் வைப்பேன்.

கரியமில வாயுக் கணக்கு இன்னும் தெளிவானது. வெள்ளைக்கல்லின் எடையில் 52 சதவீதம் கரியமில வாயு. 100 கிலோ மேக்னீசியா செய்தால் கல்லிலிருந்தே 109 கிலோ கரியமில வாயு வெளியேறும். எரிபொருளின் புகை தனி. சர்ப்பென்டைன் பாறையில் கார்பனேட் இல்லை. வெளியேறுவது நீராவி. அதனோடு தேவையான மேக்னீசியாவைச் சேர்த்து 100 கிலோ ஃபோர்ஸ்டரைட் செய்தால் கல்லிலிருந்து வரும் கரியமில வாயு சுமார் 16 கிலோ. ஃபோர்ஸ்டரைட் போதுமான இடங்களில் மேக்னீசியாவை வைப்பது இந்தக் கணக்கில் வீண் செலவு.

இந்த வேலையில் மிகுந்த எச்சரிக்கை தேவைப்படும் கட்டம் பாறையை உடைப்பது. சர்ப்பென்டைன் பாறைகளில் கிரைசோடைல் என்னும் நார் வடிவம் கலந்திருக்கலாம். அது ஆஸ்பெஸ்டாஸ் வகையைச் சேர்ந்தது. 700 டிகிரி அளவில் நன்றாகச் சுட்டபின் அந்த நார்ப் படிகம் சிதைந்து ஃபோர்ஸ்டரைட்டாக மாறத் தொடங்குகிறது. ஆனால் பாறையைச் சூளைக்கு ஏற்ற அளவில் உடைக்கிற, சலிக்கிற கட்டம் அந்த முதல் சூட்டுக்கும் முன்னால் வருகிறது. அந்த இடத்தில் நிற்கும் தொழிலாளியின் நுரையீரலுக்குள் நார் போய்விட்டால், பின்னால் சூளை எத்தனை டிகிரி ஏறினாலும் அவருக்குப் பயனில்லை. ஒதுக்கிய வெள்ளைக்கல்லில் இருக்கும் சிலிகாத் தூசியும் அதே போன்ற ஆபத்து. எனவே குவியலில் முதல் மண்வெட்டி இறங்குவதற்கு முன் நார்க் கனிமச் சோதனை நடந்திருக்க வேண்டும். நார் இருக்கும் பகுதியைத் தொடாமல் விட வேண்டும். உடைக்கும் இடத்தில் நீர் தெளிப்பும், தூசியை இழுக்கும் மூடிய அமைப்பும், பொருத்தமான முகக்கவசமும் இருக்க வேண்டும். டியூனைட்டில் குரோமியம் கொண்ட குரோமைட் என்னும் கனிமமும் சிறிதளவு உண்டு. சுண்ணாம்போ சோடியம், பொட்டாசியம் உப்புகளோ உள்ள சூளையில் அது காற்றோடு சேர்ந்து, நீரில் கரையும் நச்சு வடிவக் குரோமியமாக மாறக்கூடும். பயன்படுத்தித் தேய்ந்த செங்கல்லைத் தூக்கி எறியும் முன் அதிலிருந்து குரோமியம் நீரில் கசிகிறதா என்று சோதித்துவிட்டே கொட்ட வேண்டும்.